மைக் ஒயரை முழங்கையில் சுற்றாதீர்கள்

பாலக்கோடு பக்கம் புதிதாக சவுண்ட் சர்வீஸ் போட்டிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது: "போன வருஷம் 20 மீட்டர் மைக் ஒயர் பன்னிரண்டு வாங்கினேன். அதில் ஐந்து இப்போதே கொரகொரக்கிறது. மீதியைத் தரையில் போட்டால் பாம்பு மாதிரி சுருண்டுகொள்கிறது, இழுத்தால் முடிச்சு விழுகிறது. விலை குறைந்ததை வாங்கியதுதான் தப்பா? எப்படிச் சுற்றி, எங்கே வைக்க வேண்டும்? கெட்டதைத் தேற்ற முடியுமா?"

விலையும் ஒரு காரணம்தான் தம்பி. ஆனால் நல்ல ஒயரையும் இதே கதிக்குக் கொண்டுவரலாம், நானே கொண்டுவந்திருக்கிறேன். காவேரிப்பட்டணம் பக்கம் 22 வருஷமாக மைக் செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், எருது விடும் விழா, பள்ளிக்கூட ஆண்டு விழா, பாரதக் கூத்து என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். மேடையில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒயர் கெட்டு நான் பார்த்தது குறைவு. எல்லாம் முடிந்து அதைச் சுருட்டும் அந்த அரை மணி நேரத்தில்தான் அதன் ஆயுசு கழிகிறது.

பாரதம் நடக்கும் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியெல்லாம் கூத்து. கடைசி நாள் காலையில், மண்ணில் செய்து கிடத்திய துரியோதனன்மேல் படுகளம், சாயங்காலம் தீமிதி. அது முடியும்போது நம் பையன்களுக்குக் கண் சொருகிக்கொண்டு வரும். பந்தல்காரர் மூங்கிலை உருவ ஆரம்பித்துவிட்டார். டெம்போக்காரர் அடுத்த வாடகைக்கு ஹார்ன் அடிக்கிறார். பையன் என்ன செய்வான்? கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் நடுவே, பூக்காரம்மா முழம் போடுகிற வேகத்தில் சரசரவென்று சுற்றுவான். கடைசி ஒரு முழத்தால் நடுவில் இறுக்கி, நுனியை உள்ளே சொருகி, சாக்கில் வீசுவான். 20 மீட்டர் அரை நிமிஷத்தில் முடிந்தது. அடுத்த விசேஷத்தில் அதைப் பிரிக்க ஐந்து நிமிஷம் ஆகும். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் அவன் கணக்கில் வராது.

அப்படிச் செத்த ஒயர் ஒன்றைப் போன மாசம் பிளேடு வைத்து நீளவாக்கில் கீறிப் பார்த்தேன். மேல் தோலில் ஒரு காயம் இல்லை. நுனியில் இருக்கும் கேனன் பின்னிலிருந்து ஒன்றரை ஜாண் தள்ளி, வழக்கமாக இறுக்கிக் கட்டுகிற இடத்தில், உள்ளே இரைச்சலைத் தடுக்கச் சுற்றியிருக்கும் ஷீல்டு இழைகள் பல் விட்ட சீப்பு மாதிரி விலகிக் கிடந்தன. பாதி இழை ஒடிந்திருந்தது. ஒடிந்த நுனியெல்லாம் பச்சைக் களிம்பு. உள்ளே ஓடும் இரண்டு ஒயரில் சிவப்பு, கொக்கி மாதிரி வளைந்து, இரண்டே இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. கட்டுக்கம்பியை நாலு தரம் ஒரே இடத்தில் மடக்கினால் ஒடிகிறது அல்லவா, அதேதான். செம்பு வளைய வளைய இறுகும், இறுகினால் ஒடியும். மைக் ஒயரில் இருப்பது முடி போன்ற இழை என்பதால் ஒவ்வொன்றாகப் போகிறது. அதனால்தான் ஒரேயடியாகச் சத்தம் நிற்காமல், கொரகொரப்பில் ஆரம்பிக்கிறது.

எது ஒடிந்தது என்று சத்தத்தை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம். கேனன் பின்னுக்குள் (எக்ஸ்எல்ஆர் என்பதும் அதுதான்) மூன்று பின் இருக்கும்: 1ஆம் பின் ஷீல்டு, 2உம் 3உம் சிக்னல். ஒரே சத்தத்தை 2 நேராகவும் 3 தலைகீழாகவும் கொண்டுவருகிறது. வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால் மிக்ஸரில் அது கழிந்துபோகிறது. 2, 3 இரண்டில் ஒன்று அறுந்தால் மைக் சாகாது. சத்தம் மெலிந்து, கூடவே 'ம்ம்ம்' என்ற கரண்ட் இரைச்சல் ஏறும். ஆபரேட்டர் தெரியாமல் மிக்ஸரில் கெயினை, அதாவது அந்த மைக்கின் சத்த அளவை, கூட்டி அந்த இரைச்சலையும் சேர்த்துக் கூட்டுவார். 1ஆம் பின் அறுந்தால் சாதாரண மைக் ஏதோ ஒப்பேற்றும். ஆனால் கூத்துக்கு மேலே தொங்கவிடும் கண்டன்சர் மைக் ஊமையாகிவிடும். அது வேலை செய்ய மிக்ஸரிலிருந்து போகும் 48 வோல்ட் கரண்ட், 2, 3 வழியாகப் போய் 1 வழியாகத்தான் திரும்ப வேண்டும். "மைக் போச்சு" என்று கழற்றி வைத்த எத்தனையோ மைக் நன்றாகத்தான் இருக்கும். முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள்.

இனி முறுக்குக்கு வருவோம். வீட்டில் ஒரு முழம் நாடா இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று விரலைச் சேர்த்து அதன்மேல் தட்டையாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். சுற்றைப் பிரிக்காமல் அப்படியே விரலிலிருந்து கழற்றி, இரண்டு நுனியையும் இரண்டு பக்கமாக இழுங்கள். நாடா நேராக வராது. எண்ணிப் பார்த்தால் பத்து முறுக்கு இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒரு முறுக்கு, இது மாறாது. நாடா தட்டை என்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. ஒயர் உருண்டை என்பதால் தெரியவில்லை. முழங்கையில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு முழம் பிடிக்கும். அப்படியென்றால் 20 மீட்டரில் இருபதுக்கு மேல் முறுக்கு. அதைத் தரதரவென்று இழுத்து விரிக்கும்போது அத்தனையும் ஒயருக்குள் ஏறுகிறது. ஏறிய முறுக்கு உள்ளே இருக்கும் ஷீல்டைப் பிரிக்கும், வெளியே முடிச்சாகும். விலை குறைந்த ஒயரில் ஷீல்டைப் பின்னாமல் ஒரே திசையில் சும்மா சுற்றியிருப்பார்கள். பின்னலைவிட அது சீக்கிரம் வாய் பிளக்கும். நீங்கள் கேட்ட விலை விஷயம் இவ்வளவுதான்.

சிலர் முழங்கையிலேயே எட்டு போட்டுச் சுற்றுவார்கள், "எனக்கு முறுக்கு விழாது" என்பார்கள். உண்மைதான், எட்டில் ஒரு பக்க முறுக்கை மறுபக்கம் கழித்துவிடும். ஆனால் கட்டைவிரல் இடுக்கில் விழும் மடிப்பு அப்படியேதான் இருக்கிறது.

இந்த முறுக்குச் சங்கதி நம் ஆட்களுக்குப் புதிதல்ல. எங்கள் அப்பா கிணற்றுக் கயிற்றை வலமாக மட்டும்தான் சுற்றுவார். நான் சின்ன வயதில் இடமாகச் சுற்றித் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். கயிறு எந்தப் பக்கம் திரித்ததோ அந்தப் பக்கம்தான் படியும், எதிர்ப்பக்கம் சுற்றினால் கொக்கி கொக்கியாக நிற்கும். கயிற்றுக்கு ஒரே முறுக்கு என்பதால் ஒரே பக்கம் போதும். ஒயருக்கு எந்த முறுக்கும் ஆகாது. அதனால் ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று மாற்றி. நேர்ச் சுற்று ஏற்றும் முறுக்கை மாற்றுச் சுற்று இறக்கிவிடும். வெளியூர் டெக்னீஷியன்கள் 'ஓவர் அண்டர்' என்பார்கள். எங்கள் செட்டில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிற பையன்கள் இருக்கிறார்கள். மூன்று பேருக்குமே 'நேரா, மாத்தி' என்றால் புரிகிறது.

கையில் எப்படி வரும் என்று சொல்கிறேன், ஒயரை வைத்துக்கொண்டு படியுங்கள். இரண்டு முனையையும் கழற்றிவிடுங்கள். ஒரு முனை எங்காவது மாட்டியிருந்தால் மிச்ச முறுக்கு ஓடிப்போக வழியில்லை. பெண் முனையை, அதாவது மைக்கில் சொருகும் முனையை, இடது கையில் பிடியுங்கள். வலது கையை ஒயரில் வழுக்கவிட்டு மூன்று முழம் நீட்டி, அங்கே பிடித்து இடது கைக்குக் கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போதே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பீடி உருட்டுவது மாதிரி ஒயரை வெளிப்பக்கமாக லேசாக உருட்டுங்கள். வளையம் எகிறாமல் தட்டையாக வந்து உட்காரும். இது நேர்ச் சுற்று. அடுத்ததற்கு வலது கையைக் கவிழ்த்து, உள்ளங்கை வெளியே பார்க்க, கட்டைவிரல் தரையைப் பார்க்கப் பிடியுங்கள். இடது கைக்கு வரும்போது மணிக்கட்டை நிமிர்த்துங்கள். இப்போது மீதி ஒயர் வளையத்துக்கு வெளியே போகாமல், உள்பக்கமாக இறங்கிப் போகும். இது மாற்றுச் சுற்று. நேரா, மாத்தி, நேரா, மாத்தி. மூன்று முழ வளையத்தில் 20 மீட்டருக்குப் பதினாலு, பதினைந்து சுற்று வரும். இடதுகைப் பழக்கம் உள்ளவர் கையை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதல் நாள் கோபம் வரும். மாற்றுச் சுற்றில் வளையம் பெரிதும் சிறிதுமாக நிற்கும். ஒரு வாரம் தினம் பத்து ஒயர் சுற்றினால் கை தானாகப் பழகிவிடும், பேசிக்கொண்டே சுற்றலாம். சரியாகச் சுற்றியிருக்கிறோமா என்று பார்க்க ஒரே வழி: ஆண் முனையைப் பிடித்துக்கொண்டு, சுருளை முன்னால் வீசுங்கள். கோடு போட்ட மாதிரி விழ வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நாளை என்னைத் திட்டுவீர்கள். கையில் பிடித்த முதல் முனை நழுவி வளையங்களுக்கு நடுவே புகுந்து மறுபக்கம் வந்துவிட்டால், இழுக்கும்போது வரிசையாக முடிச்சு விழும், ஜடை பின்னிய மாதிரி. எங்கள் பையன் ஒருவன் எருது விடும் விழாவில், காளை அவிழ்க்கப் போகிற நேரத்தில், 30 மீட்டர் ஒயரை வீசி பத்து முடிச்சோடு நின்றான். அறிவிப்பாளர் கையில் மைக் இருக்கிறது, ஒயர் வந்து சேரவில்லை. முறை தப்பில்லை, முனையை விட்டதுதான் தப்பு. சுருளைக் கட்டும்போது இரண்டு முனையும் அதனதன் பக்கத்திலேயே இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பெண் முனையில் ஏன் தொடங்கச் சொன்னேன் என்றால், கடைசியில் வெளியே நிற்பது ஆண் முனையாக இருக்கும். அதை மேடைப் பெட்டியில் (மைக் ஒயரெல்லாம் வந்து சேரும் பெட்டி) சொருகிவிட்டு மைக்கை நோக்கி நடந்துகொண்டே விரிக்கலாம். மிச்ச ஒயர் மைக் ஸ்டாண்டு அடியில் சுருளாக இருக்கும். ஸ்டாண்டை இரண்டடி தள்ளச் சொன்னால் தள்ள முடியும். பெட்டிப் பக்கம் குவிந்தால் அங்கே இருபது ஒயர் இடியாப்பமாகக் கிடக்கும்.

கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை நல்லது. கிடைக்காவிட்டால் பாவாடை நாடா போதும். முக்கால் முழம் வெட்டி, ஆண் முனைக்குப் பக்கத்தில் ஒயரோடு நிரந்தரமாக முடிந்துவிடுங்கள், தொலையாது. அவிழ்க்கச் சுலபமான முடிச்சாகப் போடுங்கள். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் அதன் பசை உருகி ஒயரோடு ஒட்டும், அதில் செம்மண் ஒட்டும், பிறகு சுற்றும்போது கை வழுக்காது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போடுவதும் பழக்கம். மாசக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அதுவும் பிசுபிசுக்கும். ஒயரின் வாலாலேயே ஒயரைக் கட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நான் கீறிப் பார்த்த ஒயர் செத்தது அதனால்தான்.

சுருட்டும்போதே ஈரத்துணியை இடது கைக்கு முன்னால் பிடித்துக்கொண்டால் மண் துடைந்துவிடும். கறை போகவில்லை என்று தின்னர், மண்ணெண்ணெய் தொடாதீர்கள். பிவிசியை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்தை அவை உறிஞ்சிவிடும், ஒயர் குச்சியாகிவிடும். வெயிலும் அதைத்தான் மெதுவாகச் செய்கிறது. ஆனால் குளிரில் சிறிது வெயில் நல்லதும்கூட. மார்கழியில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடிகாலையில் சுருட்டினால் ஒயர் விறைத்துக்கொண்டு கைக்கு அடங்காது. மல்லுக்கட்டாமல், டீ குடித்துவிட்டு வந்து, வெயில் பட்டபிறகு சுற்றுங்கள். அடங்கும்.

கரண்ட் ஒயர் வேறு கதை. அதைச் சுற்றுவதைவிட, சுற்றியபடி ஓட்டுவதுதான் ஆபத்து. ஒரு கல்யாண மண்டபத்தில், பத்து வருஷம் முன்பு, உருளையில் பாதிக்கு மேல் சுற்றி இருந்த 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் 1000 வாட் பார் லைட் (மேடை விளக்கு) நாலு போட்டேன். 4000 வாட், 230 வோல்ட் என்றால் 17 ஆம்பியருக்கு மேல். தரையில் விரித்துப் போட்ட ஒயர் அதைத் தாங்கும். காற்று சூட்டை எடுத்துக்கொள்ளும். உருளையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்போது சூடு போக வழியில்லை. ராத்திரி ரிசப்ஷன் முடியுமுன்பே நாற்றம். போய்ப் பார்த்தால் உள் அடுக்கெல்லாம் உருகி, பனைவெல்லக் கட்டி மாதிரி ஒன்றாக ஒட்டியிருந்தது. நல்லவேளை, திரைச்சீலை பக்கத்தில் இல்லை. பத்தடிதான் தேவை என்றாலும் உருளையில் இருப்பதை முழுவதும் அவிழ்த்துத் தரையில் தளர்வாகப் போடுங்கள். மைக் ஒயரோடு சேர்த்து இழுக்காதீர்கள். குறுக்கே போக வேண்டி வந்தால் நேர்க்குறுக்காகத் தாண்டட்டும், பக்கத்திலேயே படுத்து ஓடினால் இரைச்சல் ஏறும்.

உருளை என்றதும் ஒன்று. உருளையே சுழன்று ஒயரை வாங்கிக்கொண்டால் முறுக்கு விழாது. கொடுக்கும்போதும் அது சுழல வேண்டும். உருளையைப் படுக்கவைத்து மேல்விளிம்பு வழியாக உருவினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு, பழைய கணக்குதான். கூம்புக் குழாய் காலத்தில் தெருத்தெருவாக இழுத்த மெல்லிய ஜோடி ஒயரைப் பெரியவர்கள் இரண்டு பக்கமும் கவைபோல் வெட்டிய பலகையில் சுற்றுவார்கள். பலகையைத்தான் திருப்புவார்கள், ஒயரை அல்ல. படிக்காமலேயே தெரிந்து வைத்திருந்தார்கள்.

மல்ட்டி ஒயர், அதாவது மேடைப் பெட்டியிலிருந்து மிக்ஸருக்குப் போகும் அந்தக் கனத்த 24 சேனல் வடம், கையில் சுற்றுகிற சாமான் இல்லை. தரையில் இரண்டு பேராக எட்டு வடிவில் அடுக்கிக்கொண்டே போங்கள், ஆளுயர எட்டு. அல்லது அகலமான பெட்டிக்குள் அதே எட்டைப் போடுங்கள். மேடைப் பெட்டி இருக்கும் முனையை அடியில் புதைக்காதீர்கள். இப்போது டிஜிட்டல் மிக்ஸர் வந்து, அந்த வடத்துக்குப் பதில் ஒரே ஒரு நெட்வொர்க் ஒயர் போகிறது. அதற்கு 100 மீட்டர்தான் எல்லை. உள்ளே நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடியும் அளந்து முறுக்கியது. ஒரு இடத்தில் நசுங்கினாலோ மடிந்தாலோ அந்த அளவு கெடும், சத்தம் விட்டு விட்டு வரும். வீட்டுச் சுவரில் பதிக்கிற ஒற்றைக் கம்பி ரகத்தை மேடைக்கு வாங்காதீர்கள், பத்து விசேஷத்தில் ஒடியும். பல இழை ரகம் என்று கேட்டு வாங்கி, சுழலும் உருளையில் வையுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

வைக்கிற இடம். உங்களுக்கும் எனக்கும் உள்ள எதிரி எலி. வேர்க்கடலை மூட்டை இருக்கும் அறையில் ஒயர் வைத்து ஒரே மழைக்காலத்தில் ஏழு ஒயரை இழந்தேன்; கடலை தீர்ந்ததும் ஒயருக்கு வந்துவிட்டது. இப்போது மூடியோடு இரும்பு டிரம் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்று மைக் ஒயருக்கு, ஒன்று கரண்டுக்கு. மழையில் நனைந்ததை அப்படியே போட்டு மூடாதீர்கள். ஒரு நாள் நிழலில், கேனன் பின் வாய் கீழே பார்க்கத் தொங்கவிட்டுப் பிறகு போடுங்கள். சுவரில் மாட்டுவதென்றால் ஆணி வேண்டாம், ஒரே புள்ளியில் கனம் இறங்கி அங்கே மடியும். நாலு அங்குல பிவிசி பைப்பை ஒரு ஜாண் துண்டாக வெட்டிச் சுவரில் அடித்து அதில் மாட்டுங்கள். தகர ஷெட்டில் கூரைக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள், சித்திரையில் அங்கே நிற்கவே முடியாது. நீளத்துக்கு ஒரு நிறம் வையுங்கள். எங்களிடம் 5 மீட்டர் மஞ்சள், 10 சிவப்பு, 20 பச்சை. தூக்கத்தில் இருக்கும் பையன்கூட நிறத்தைப் பார்த்து எடுப்பான்.

கடைசியாக, உங்கள் பன்னிரண்டு ஒயர். சுருளும் ஏழையும் மத்தியான வெயிலில் மொட்டைமாடியிலோ களத்திலோ நீட்டிப் போடுங்கள். தோல் வெதுவெதுப்பானதும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஒயரை விரல் நடுவே உருவிக்கொண்டே நடங்கள். மறு முனை தரையில் தானாகப் புரளும், புரள விடுங்கள். மாடியிலிருந்து தொங்கவிட்டாலும் சுழன்று சுழன்று நிற்கும். பிறகு நேரா மாத்தி சுற்றிக் கட்டி இரண்டு நாள் விடுங்கள். ஒரே தடவையில் முழுவதும் சரியாகாது, இரண்டு மூன்று தடவை பிடிக்கும்.

கொரகொரக்கும் ஐந்தை ஒயர் டெஸ்டரில் (இணைப்பு சரியாக இருந்தால் விளக்கு எரியும்) மாட்டி, முனையிலிருந்து ஒவ்வொரு ஜாணாக வளைத்து அசைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு அடிக்குள்தான் விளக்கு அணையும். அந்த இரண்டடியை வெட்டி எறிந்துவிட்டு கேனன் பின்னைத் திரும்ப சால்டர் செய்யுங்கள். பின்னுக்குள் ஒயரைக் கவ்வும் பிடி இருக்கும், அதை இறுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இழுக்கிற இழுப்பெல்லாம் சால்டரில் விழும். நடுவில் அணைந்தால் ஒட்டுப் போடாமல் அங்கேயே வெட்டி இரண்டு சின்ன ஒயராக ஆக்கிவிடுங்கள். மேளத்துக்கும் மிருதங்கத்துக்கும் 5 மீட்டர் ஒயர் எத்தனை இருந்தாலும் பத்தாது.